பழனியப்பன் ஊற்றிய மூலை

கேமரன் மலைத் தேயிலைத் தொழிற்சாலையில் ரெங்கசாமியின் காதுக்குத் தனி மரியாதை உண்டு. கொழுந்து வாட்டும் காற்றாடியின் தகடு, உருட்டு மெஷினின் பித்தளை வட்டு, லோரியின் பட்டை வில் என்று எதுவானாலும் ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கோழி மாதிரித் தலையைச் சாய்த்துக் கேட்பார். 'ணங்' என்று நீண்டு ஒலித்தால் விட்டுவிடுவார். 'டொக்' என்று பாதியிலேயே செத்துவிட்டால், "உள்ள கீறியிருக்கு, கழட்டு" என்பார். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கழற்றிக் கழுவிப் பார்த்தால் மயிர் கனத்துக்கு ஒரு கோடு ஓடியிருக்கும். ஒருமுறை துரையின் பங்களாவில் தேநீர் கொடுத்தபோது, பழக்கதோஷத்தில் கோப்பையையும் கரண்டியால் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல வேணாங்க" என்று திருப்பிக் கொடுத்தவர். துரை அதற்குப் பிறகு அவரைத் தேநீருக்கு அழைக்கவில்லை.

இத்தனையையும் தட்டிப் பார்த்த மனிதர், தன் வீட்டுப் பின்னறைச் சுவரை மட்டும் தட்டியதே இல்லை. அதற்குச் சாயம்தான் அடிப்பார்.

அந்தச் சுவர் அவர் கட்டியது. தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் பின்னால் மலையை வெட்டிய செம்மண் சரிவு. ஒவ்வொரு மழைக்கும் அது இரண்டு கூடை மண்ணைச் சமையற்கட்டுக்கு அனுப்பிவைக்கும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ரெங்கசாமியும் பக்கத்து வீட்டு லோரி டிரைவர் பழனியப்பனும் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பி கட்டி, பலகை அடித்து, கான்கிரீட் ஊற்றித் தலைக்குமேல் உயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவரை எழுப்பினார்கள். முக்கால்வாசியை ரெங்கசாமி ஊற்றினார். இடதுபக்கக் கீழ்மூலை பழனியப்பனுடையது. அன்றைக்குப் பழனியப்பனுக்கு இடுப்பு வலி. கலவையைக் கம்பியால் குத்திக் குத்தி இறுக்காமல் அப்படியே கொட்டிவிட்டார். பலகையைப் பிரித்துப் பார்த்தால் மூலை முழுக்கப் பொத்தல். விரல் நுழைகிற பொத்தல், கோலிக்குண்டு உட்கார்கிற பொத்தல்.

"என்னா மச்சான், ஆப்பம் சுட்டு வச்சிருக்க?" என்றார் ரெங்கசாமி.

அன்றிலிருந்து அந்த மூலைக்கு ஆப்பக்கடை என்று பெயர். ரெங்கசாமி தன் பக்கத்தைப் பூசிக் கண்ணாடி மாதிரி இழைத்தார். ஆப்பக்கடையை மட்டும் பூசாமல் விட்டார். வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டுமே.

மகள் புனிதாவுக்குக் கல்யாணம் கூடிவந்தபோது, வீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்த இடத்துக்குத் தகரக் கூரை போட்டு, தரை பூசி, அதை ஓர் அறையாக்கினார். தடுப்புச் சுவரே அறையின் பின்சுவர். ஈப்போவிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார், "லைன் வீட்டுல இவ்வளவு பெரிய ரூமா" என்றார்கள். அந்த ஒரு வாக்கியத்தை ரெங்கசாமி இன்றுவரை கையில் வைத்துக்கொண்டு அலைகிறார்.

இப்போது புனிதாவுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். தீபாவளி முடிந்த கையோடு வளையல் போட்டு அழைத்து வருவதாகப் பேச்சு. "பெரிய ரூம் இருக்கு சம்பந்தி. தாயும் புள்ளையும் ராஜா மாதிரி இருக்கலாம் லா" என்று ரெங்கசாமி போனில் வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்தபோது அவர் நின்றுகொண்டிருந்தது அதே அறையில்தான். சுவரின் உச்சியிலிருந்து சாய்வாக இறங்கி நடுவரைக்கும் வந்திருந்த ஒரு மெல்லிய கோட்டுக்கு முதுகைக் காட்டியபடி நின்றார்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. காலை மூடுபனி கலைந்து முடிவதற்குள் மத்தியான மழை வந்து நின்றது. மனைவி ரஞ்சிதம் கொழுந்து வெட்டிவிட்டு வந்து, இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் படங்கை வாசலில் உதறிக்கொண்டே செய்தியைச் சொன்னாள்.

"ஆபீஸ் கிராணி சொன்னாரு. கோலாலம்பூர்லேர்ந்து சுவர் பாக்குற ஆளுங்க வராங்களாம். லைன் பின்னால இருக்கிற எல்லாச் சுவத்தையும் மெஷின் வச்சுப் பாப்பாங்களாம். சரியில்லேன்னா அதுல ஒட்டிக் கட்டுன ரூம எடுத்துடணுமாம்."

"யாரு எடுக்கிறது?"

"கட்டுனவங்கதான்."

ரெங்கசாமி பால் சேர்க்காத தே-ஓவை ஊதி ஊதிக் குடித்தார். ஏற்கெனவே ஆறிப்போன தே-ஓ அது.

"என்னங்க, அவங்க வர்றதுக்கு முன்ன நீங்களே ஒருவாட்டி தட்டிப் பாத்துடுங்களேன்."

"சுவரு என்னா பேன் பிலேடா? சுவத்தத் தட்டினா கை வலிக்கும், அவ்வளவுதான்."

"பயமா இருக்குன்னு சொல்லுங்க."

"எனக்கு என்னா பயம்? மார்ச்சு மாசம் வந்து பாரு அந்தக் கோட்ட. இருக்காது. வெயில்ல தானா ஆறிக்குது. முட்டியில சிராய்ச்சா தோலு மூடுதுல்ல, அது மாதிரி."

"மழைக்குத் தொறந்துக்குதே."

"மழை வந்தா ஒனக்கும்தான் மூட்டு வலிக்குது. ஒன்னய இடிச்சிட்டனா?"

ரஞ்சிதம் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே படங்கைக் கொடியில் விரித்துப் போட்டாள். ஆனால் பேச்சை விடவில்லை. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் வந்த வருடம், அங்கே குடியிருந்த தங்கை கங்காவைத் தேடி முழங்கால் சேற்றில் நடந்து போனவள் அவள். கங்கா பிழைத்திருந்தாள். வீட்டுச் சுவர்கூட நின்றது. ஆனால் கங்காவின் அரிசி டப்பா பக்கத்து வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்திருந்தது, யாரோ பத்திரமாக எடுத்து வைத்த மாதிரி. அதற்குப் பிறகு மழை பெய்தால் ரஞ்சிதம் தலையணையில் முழுசாகத் தலை சாய்ப்பதில்லை. ஒரு காது எப்போதும் மேலே இருக்கும்.

"நீங்க தட்டுற வரைக்கும் புனிதா அந்த ரூம்ல படுக்க மாட்டா," என்றாள்.

"வாக்குக் குடுத்தாச்சு புள்ள."

"நீங்க குடுத்தீங்க. படுக்கப்போறது அவ."

அடுத்த ஞாயிறு ரெங்கசாமி பழனியப்பனைக் கிளப்பிக்கொண்டு கோலா தெர்லா டவுனுக்குப் போனார். முட்டைக்கோஸ் லோரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு, சாமான் கடையில் விரிசல் அடைக்கிற பசை ஒரு டப்பாவும் மாம்பழ மஞ்சளில் சாயமும் வாங்கிக்கொண்டு திரும்பினார். அவர் கணக்கு எளிமையானது. தீபாவளிக்குச் சாயம் அடிப்பதைத் தப்பு என்று சொல்ல எந்தக் கம்பெனிக்கு வாய் இருக்கிறது? லைன் முழுக்க அந்த வாரம் சாயம்தான். ஒரு வீட்டில் ஊதா, ஒரு வீட்டில் கிளிப்பச்சை. மூடுபனிக்குள் நின்று பார்த்தால் யாரோ மிட்டாய்க் கடையைக் கவிழ்த்த மாதிரி இருக்கும்.

ரெங்கசாமி கோட்டைச் சுரண்டிப் பசையை அழுத்தினார். பழனியப்பன் முக்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், வருசா வருசம் அடைக்கிற. வருசா வருசம் அதே எடத்துல தொறக்குது. அதுக்கு என்னமோ சொல்லணும்போல இருக்குடா."

"எல்லாம் உன் ஆப்பக்கடையால வந்தது. அந்த மூலை ஒழுங்கா இருந்தா என் பக்கம் ஏன் கீறப்போவுது?"

"பொத்தல் என் பக்கம். கோடு உன் பக்கம். நடுவுல எங்கடா நான் வந்தேன்?"

"ஓட்ட பக்கெட்டுல தண்ணி நிக்குமா?"

"இது பக்கெட்டா? சுவருடா. இதுல தண்ணி நிக்கவே கூடாது."

சொல்லிவிட்டுப் பழனியப்பன் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். இருவரும் ஒரே நேரத்தில் சுவரின் அடிப்பக்கம் பார்த்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் வேறு எங்கோ பார்த்தார்கள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. வழுவழுவென்ற பூச்சுதான் இருந்தது.

மத்தியானம் ரஞ்சிதம் சார்டின் பிரட்டலும் ஓடைக்கீரையும் வைத்துச் சோறு போட்டாள். மஞ்சள் சாயம் அப்பிய கைகளைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், இரண்டாம் கரண்டி சோறு வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பது ரெங்கசாமிக்கு எப்போதும் செரிப்பதில்லை. அன்றைக்கு இரண்டு டம்ளர் மோர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மெஷின் என்றதும் ரெங்கசாமி ஏதோ லோரியில் வரும் என்று நினைத்திருந்தார். வந்தது ஒரு பெண். ரூபினி என்று பெயர் சொன்னாள். புனிதா வயதுதான் இருக்கும். சேறு அப்பிய பூட்ஸை வாசலில் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்தாள். டிபன் பெட்டி அளவில் ஒரு கருவி. அதிலிருந்து இரண்டு வயர், ஒவ்வொன்றின் முனையிலும் டார்ச்சுக் கட்டை மாதிரி ஒன்று. பையிலிருந்து ஒரு களிம்புக் குழாயையும் எடுத்தாள்.

"இது என்னா மிஸ், சுவத்துக்குத் தைலமா?"

"ஜெல் அங்கிள். சுவத்துக்கும் இதுக்கும் நடுவுல காத்து நிக்கக்கூடாது. மாசமா இருக்கிறவங்களுக்கு ஸ்கேன் எடுக்கிறப்ப வயித்துல தடவுவாங்கல்ல, அது மாதிரிதான்."

"எங்க பொண்ணுக்குப் போன வாரம்தான் எடுத்தாங்க," என்றாள் ரஞ்சிதம்.

"அப்ப இது ரெண்டாவது ஸ்கேன்," என்றார் வேடிக்கை பார்க்க வந்திருந்த பழனியப்பன். "ஆம்பளையா பொம்பளையான்னு சொல்லிடுமா மிஸ்?"

ரூபினி சிரித்துக்கொண்டே ஜெல்லைத் தடவினாள். "இந்த முனையிலேர்ந்து ஒரு சத்தம் போவும். நம்ம காதுக்குக் கேக்காது. அந்த முனையில போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆவுதுன்னு இதுல பாக்கலாம். சுவரு விறைப்பா இருந்தா சத்தம் ஓடும். விறைப்பு போயிருந்தா நடக்கும்."

ரெங்கசாமி கொஞ்சம் திடுக்கிட்டார். "அதாவது, தட்டிப் பாக்குறீங்க."

"அதேதான் அங்கிள். கொஞ்சம் செலவு பண்ணித் தட்டுறோம்."

காலமெல்லாம் தான் காதால் செய்துவந்த வேலை ஒரு டிபன் பெட்டிக்குள் அடங்கி வீட்டுக்கு வந்துவிட்டதை நினைத்து அவருக்குப் பெருமையாகவும் இருந்தது, சங்கடமாகவும் இருந்தது. தட்டிப் பார்க்கிற கட்சியிடம் பொய் சொல்லக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். அவரே அந்தக் கட்சிதான்.

ஆனாலும் விடவில்லை. நேராக ஆப்பக்கடைக்கு அழைத்துப்போனார். "இங்க பாருங்க மிஸ். கோளாறுன்னா இங்கதான். என் கூட்டாளி ஊத்துனது. விரல் நுழையும் பாருங்க." நுழைத்தும் காட்டினார்.

ரூபினி குனிந்து, பொத்தல்களுக்கு இடையே சமமான இடம் தேடி முனைகளை வைத்தாள். எண்ணைப் பார்த்தாள். இன்னொரு இடத்தில் வைத்துப் பார்த்தாள்.

"பரவால்ல அங்கிள்."

"என்னா பரவால்ல?"

"நல்ல கான்கிரீட்டுக்குக் கொஞ்சம் கம்மிதான். பொத்தல் இருக்குல்ல. ஆனா தாங்குது."

பழனியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

வலது கோடியில் எண் நன்றாகவே வந்தது. ரெங்கசாமி, "என் பக்கம்" என்றார். பிறகு ரூபினி நடுவுக்கு வந்தாள். மாம்பழ மஞ்சள் பளபளத்தது. முனைகளை வைத்தாள். எடுத்தாள். துடைத்து, ஜெல்லைப் புதிதாகத் தடவி மறுபடி வைத்தாள். இரண்டையும் அரையடி நகர்த்தி வைத்தாள். தகரத்தின்மேல் மழை தூறத் தொடங்கியது.

"அங்கிள், இங்க விரிசல் ஏதாச்சும் இருந்துச்சா?"

"இல்லியே மிஸ்," என்றார் ரெங்கசாமி. மூலையில் இருந்த காலிச் சாய டின்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பழனியப்பன் கூரையைப் பார்த்தார். ரஞ்சிதம் எழுந்து சமையற்கட்டுக்குப் போனாள். தே-ஓ போடப் போகிறாள், நல்ல வேளை, பேச்சு மாறும் என்று ரெங்கசாமி நினைத்தார்.

அவள் மீன் செதில் சீவுகிற கத்தியோடு வந்தாள்.

யாரையும் கேட்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். கத்தியைப் படுக்கவைத்து, செதில் எடுப்பதுபோலவே சுவரைச் சீவினாள். மஞ்சள் உரிந்தது. அடியில் பச்சை வந்தது. பச்சைக்கு அடியில் நீலம். நீலத்துக்கு அடியில் ரோஸ். நடுவில் அந்தக் கோடு, மேலிருந்து கீழாக, தன் நான்கு நிறத்தையும் காட்டிக்கொண்டு கிடந்தது.

"மஞ்சள் போன ஞாயித்துக்கிழமை அடிச்சது," என்றாள் ரஞ்சிதம். "பச்சை போன தீபாவளிக்கு. நீலம் அதுக்கு முந்தி. ரோஸ் எங்க பொண்ணு கல்யாணத்துக்கு. தீபாவளிக்குத் தீபாவளி அடைப்பாரு கண்ணு. அப்பறம் மழையில தொறந்துக்கும். இவரு ஆறிடுச்சும்பாரு."

ஒவ்வொரு வருட அடைப்பும் அதனதன் நிறத்தோடு கோட்டுக்குள் மடிந்து கிடந்தது. ரோஸ் நூல் கனம் இருந்தது. நீலம் அதைவிடக் கொஞ்சம் பருமன். பச்சையில் கத்தி முனை நுழைந்தது. போன வாரத்து மஞ்சளிலேயே, உற்றுப் பார்த்தால், நடுவில் ஒரு கீறல் விழுந்திருந்தது.

ரூபினி கிட்டே போய்ப் போட்டோ எடுத்தாள். "ஆன்டி, என் மெஷின் இன்னைக்கு நிலவரத்த மட்டும்தான் சொல்லும். இது நாலு வருசத்தையும் சொல்லுது."

ரெங்கசாமிக்குக் கோபம் வந்தது. மனைவிமேல் வந்த கோபத்தை மெஷின் பக்கம் திருப்பினார். "மிஸ், நியாயமா பேசுங்க. அந்த மூலையில கோலிக்குண்டு போட்டு வைக்கலாம். அது பரவால்லங்கிறீங்க. இது மயிரு கனம் கோடு. இதுக்குப் போயி..."

"அங்கிள், அந்த மூலையில இருக்கிற பொத்தல் எல்லாத்தையும் சேத்தா ஒரு பக்கெட்டு காத்து இருக்கும். இந்தக் கோட்டுக்குள்ள ஒரு கரண்டிகூட இருக்காது. ஆனாலும் சத்தம் இங்கதான் திணறுது." அவள் சுற்றிப் பார்த்தாள். மேசைமேல் ரஞ்சிதம் வாங்கி வைத்திருந்த ரொட்டி இருந்தது, வெட்டாத முழு ரொட்டி. எடுத்து அழுத்திக் காட்டினாள். "எவ்வளவு பொத்தல் பாருங்க. அமுக்கினா திரும்பி வருது. உருண்டைப் பொத்தல சுத்தி பாரத்த ஏந்துறதுக்கு ஆள் இருக்கு." பிறகு ரஞ்சிதத்தின் கையிலிருந்த கத்தியை வாங்கி, ரொட்டியின் முதுகில் ஒரு கீறு கீறி, இரண்டு முனையையும் பிடித்துத் தூக்கினாள். ரொட்டி நடுவில் வாயைத் திறந்துகொண்டு தொங்கியது. "நான் எதையும் எடுக்கல. ஒரு துணுக்குகூட கம்மியாகல. மெல்லிசா ஒரு கீறல்தான். ஆனா இது இப்ப முழு ரொட்டி மாதிரி நடந்துக்காது."

"வெயில்ல மூடிக்குதே மிஸ்."

"மூடிக்கும். ஆறாது. பின்னாலேர்ந்து தள்ளுறது நின்னா ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டு, நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லும். தள்ளினா தொறந்துக்கும்." அவள் சுவரின் அடிப்பக்கத்தைக் கையால் தடவினாள். "இவ்வளவு உயரத்துக்குத் தண்ணி வெளிய போறதுக்குக் குழாய் வச்சிருப்பீங்களே. எங்க?"

பழனியப்பன், "மூணு இருந்துச்சு லா" என்றார்.

"ரூம் ஆக்குனப்ப அடைச்சிட்டேன்," என்றார் ரெங்கசாமி. "கல்யாணப் பொண்ணு படுக்கிற எடத்துல செம்மண் தண்ணி ஊத்தினா எப்படி? ஓட்டைய அடைச்சா சுவரு இன்னும் கெட்டியாத்தானே மிஸ் ஆவும்?"

கடைசி வார்த்தைக்கு வருவதற்குள் அவர் குரல் இறங்கிவிட்டது. தான் கேட்பது கேள்வி இல்லை என்று அவருக்கே தெரிந்துபோயிற்று. நான்கு வருட மழை சுவருக்குப் பின்னால் வாசல் தெரியாமல் நின்றுகொண்டு, தோளால் இடித்துக்கொண்டிருக்கிறது.

"பிரசவம் எப்ப ஆன்டி?" என்று கேட்டாள் ரூபினி.

"டிசம்பர்."

ரூபினி தகரத்தை நிமிர்ந்து பார்த்தாள். டிசம்பரில் கேமரன் மலையில் எப்படிப் பெய்யும் என்று அந்த அறையில் இருந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"புள்ள பொறந்து முப்பது கழிக்கிற வரைக்கும் மட்டும்..." என்று ரெங்கசாமி ஆரம்பித்தார். ரஞ்சிதம் அவருடைய வேலைப் பையைத் திறந்து ஸ்பேனரை எடுத்து நீட்டினாள்.

"மெஷின் சொன்னத நம்ப வேணாம். நான் சொல்றத நம்ப வேணாம். தட்டுங்க."

மறுக்க அவருக்கு வாய் வந்தது. ஆனால் கை அதற்குள் ஸ்பேனரை வாங்கிவிட்டது. அது கையின் பழக்கம். வலது கோடியில் ஒரு தட்டுத் தட்டினார். 'டங்' என்றது. சுவர் உலோகம் இல்லை. ஆனாலும் கெட்டியாக, கைக்குத் திரும்பி வருகிற சத்தம். நடுவுக்கு வந்தார். கோட்டுக்கு அருகே, ரோஸும் நீலமும் தெரிகிற இடத்தில், இன்னொரு தட்டு.

'டொக்.'

தலையைச் சாய்த்தார். சத்தம் உள்ளே போய் எங்கேயோ உட்கார்ந்துவிட்டது. திரும்பி வரவில்லை. இன்னும் ஒருமுறை, மெதுவாக, வேறு பதில் சொல்லேன் என்று கெஞ்சுகிற மாதிரித் தட்டினார். அதே 'டொக்.' தொழிற்சாலையில் இந்தச் சத்தத்தை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார். மானேஜர், இன்னும் ஒரு சீசன் ஓட்டலாமே என்று கெஞ்சியிருக்கிறார். ஒரு தடவைகூட ரெங்கசாமி ஒத்துக்கொண்டதில்லை.

ஸ்பேனரைத் துடைத்துப் பையில் வைத்தார்.

"கழட்டணும்," என்றார்.

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. தொழிற்சாலைக்குப் போய்ச் சுவர் துளைக்கிற டிரில்லைக் கடன் வாங்கி வந்தார். ரூபினி இடத்தைத் தட்டித் தட்டிக் காட்டினாள். "அவசரப்படாம அங்கிள், ஒண்ணொண்ணா" என்றாள். தான் வழுவழுவென்று பூசியதைத் தானே துளைத்தார். முதல் குழாய் திறந்தபோது ஒரு கட்டிச் சேறு வழிந்தது. பின்னாலேயே ஒரு மண்புழு வந்து, வெளியுலகம் பிடிக்காமல் நெளிந்தது. அதற்குப் பிறகு செந்தண்ணீர். சொட்டாக இல்லை, கம்பியாக வந்து ரெங்கசாமியின் நெஞ்சில் அடித்தது. அவர் நகர்வதற்குள் சட்டை முழுக்கச் சிவப்பு.

"தீபாவளிச் சட்டைடா அது," என்றார் பழனியப்பன், சிரிப்பை அடக்க முடியாமல்.

"போவுது விடு."

மூன்று குழாயும் பொழுது சாயும்வரை ஓடிக்கொண்டே இருந்தன. பழனியப்பனும் ரஞ்சிதமும் தரையில் வெட்டிய வழியில் தண்ணீர் வாசல் பக்கத்து லோங்காங் கால்வாயில் போய் விழுந்தது. ரூபினி விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டுகளை ஒட்டினாள். சுவர் இனி அசைந்தால் கண்ணாடி உடையும், உடைந்தால் எந்த நேரமானாலும் ஆபீசுக்குச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிவிட வேண்டும் என்றாள். மழைக்காலம் முடிந்ததும் கம்பி கொடுத்துச் சுவரை மலையோடு இழுத்துக் கட்டலாம், காப்பாற்ற வழி இருக்கிறது என்றும் சொன்னாள். அவளுக்கு ரஞ்சிதம் கீறாத ரொட்டித் துண்டுகளில் சம்பல் தடவிக் கொடுத்தாள்.

ஈப்போவுக்கு ரெங்கசாமியே போன் போட்டார். முகம் கழுவி, தலை சீவிக்கொண்டுதான் போட்டார், எதிரில் இருப்பவருக்குத் தெரியப்போகிற மாதிரி.

"சம்பந்தி, அந்தப் பெரிய ரூம் இல்லீங்க."

"என்னாச்சு சம்பந்தி?"

"நான்தான் கழட்டுறேன். நான் கட்டுனது சரியில்ல."

சம்பந்தி, அதனால் என்ன, பிரசவத்தை இங்கேயே வைத்துக்கொள்ளலாமே என்றார். ரஞ்சிதம் போனை வாங்கினாள். "அண்ணே, அவ இங்கதான் வருவா. முன்னால எங்க ரூம் இருக்கு. மலைக்கும் அதுக்கும் நடுவுல ஒரு வீடே இருக்கு. நாங்க ரெண்டு பேரும் ஹால்ல படுத்துக்குவோம். ஒரே ஒரு சங்கடம், அந்த ரூமுக்கும் பழனியப்பன் அண்ணன் வீட்டுக்கும் நடுவுல பலகைதான். அவரு குறட்டை கேக்கும்."

புனிதாவின் குரல் நடுவில் புகுந்தது. "அம்மா, நான் அந்தக் குறட்டையிலதான் வளந்தேன். ஈப்போவுல அது இல்லாம எனக்குத் தூக்கமே வரல."

அடுத்த ஞாயிறு தகரத்தைப் பிரித்தார்கள். ரெங்கசாமி கூரைமேல் உட்கார்ந்து ஒவ்வோர் ஆணியாகக் கழற்றிக் கீழே கொடுக்க, பழனியப்பன் பால் டின்னில் போட்டார். லைன்காரர்கள் வந்து நின்று, "ஏண்ணே, இன்னும் ஆபீசுலேர்ந்து தாளே வரலியே" என்றார்கள். "வர்றப்ப வரட்டும் லா," என்றார் ரெங்கசாமி. மத்தியானத்துக்குள் அறை போய், பழைய இடம் வந்துவிட்டது. சுவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நனைந்தது. ஆபீசிலிருந்து தாள் வந்தபோது பிரிப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. கிராணி அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று குழம்பி, ஒரு டம்ளர் தே-ஓ குடித்துவிட்டுப் போனார்.

புனிதா வந்தது நல்ல மழையில். கை நிறைய வளையலோடு காரிலிருந்து இறங்கி, நேராகப் பின்னால் போய்ப் பார்த்தாள். மூன்று குழாயும் கொட்டிக்கொண்டிருந்தன. சுவரில் செந்தண்ணீர் வடிந்த தடம், நடுவில் நான்கு நிறத்தில் உரிந்த பட்டை, அதன்மேல் கண்ணாடித் துண்டுகள்.

"என்னப்பா, கோலம் இப்படி இருக்கு? தீபாவளிக்குச் சாயம்கூட அடிக்கலியா?"

"அடிச்சேன். ஒங்கம்மா சீவிட்டா."

அடுத்த நாள் காலையில் மழை விடவில்லை. ரெங்கசாமி குடையும் ஸ்பேனருமாகப் பின்னால் போனார். வேலைக்குப் போகுமுன் இப்போது தினமும் இது ஒரு வேலை. கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எதுவும் உடையவில்லை. கோட்டுக்குப் பக்கத்தில் தட்டினார். 'டொக்.' சரி, அது மாறாது. குழாய் ஓடுகிறதா, ஓடுகிறது. வலது கோடியில் தட்டினார். 'டங்.' திரும்பிப் போகக் காலெடுத்தவர் நின்றார். இடதுபக்கமாக நடந்து, முட்டி சொடுக்கக் குனிந்து, கட்டிய நாளிலிருந்து முதல்முறையாக ஆப்பக்கடையைத் தட்டினார்.

தலையைச் சாய்த்துக் கேட்டார். தேவையே இல்லாமல் இன்னொரு முறையும் தட்டினார்.

பக்கத்து வீட்டுச் சன்னலில் பழனியப்பன் பல் விளக்கிக்கொண்டிருந்தார். "என்னா சொல்லுதுடா?"

"உன் பக்கம் நல்லாத்தான் இருக்கு," என்றார் ரெங்கசாமி, குடைக்குள்.

"என்னா? மழையில ஒண்ணும் கேக்கல."

ரெங்கசாமி குடையை விலக்கினார். மழை தலையில் விழுந்தது. வீட்டுக்குள்ளிருந்து புனிதாவின் வளையல் சத்தம் கேட்டது, அவளும் விழித்துவிட்டாள்.

"நீ ஊத்துனது நல்லா இருக்குடா மச்சான்," என்று லைன் கோடி வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

சன்னலில் பிரஷ் சத்தம் நின்றது.